வாடகை வீட்டில் முதலீடு: முதல் வீட்டை வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

தெருவில் நான்கு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வாடகைப் பணத்தைக் கையில் வாங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் சேமிப்பும் வங்கிக் கடன் பெறும் தகுதியும் வந்தவுடன், நாமும் ஒரு அடுக்குமாடி வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற எண்ணம் அவர்களுக்கு இயல்பாகவே எழுகிறது. வீட்டுத் தரகர்களும் கட்டுமான நிறுவனங்களின் விற்பனைப் பிரிவினரும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் நான்கு போர்ஷன்காரருடைய கணக்கும் இன்று புதிதாக வாங்குபவருடைய கணக்கும் ஒன்றல்ல. முன்னவர் ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனை சில ஆயிரங்களுக்குக் கிடைத்த காலத்தில் வாங்கியவராகவோ, அப்படி வாங்கியவரின் வாரிசாகவோ இருப்பார். அவர் செலவழித்தது பெரும்பாலும் கட்டுமானத்துக்கு மட்டுமே. பின்னவரோ நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இன்றைய விலையைத் தருகிறார். அந்த விலையிலும் பெரும் பகுதியைக் கடனாக வாங்கித் தருகிறார்.

வாடகை முதலீட்டில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவை. சென்னையையும் தமிழ்நாட்டுச் சட்டங்களையும் களமாகக் கொண்டு, அடிப்படையிலிருந்து அதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

இரண்டு ஆதாயங்கள், இரண்டு வேறு இயல்புகள்

வாடகைக்கு விடும் வீடு இரண்டு வழிகளில் பணம் தரும்.

1. மாதந்தோறும் வரும் வாடகை. இது அந்தப் பகுதியில் குடியிருப்போரின் சம்பளத்தைப் பொறுத்தது. சம்பளம் உயரும் வேகத்தைத் தாண்டி வாடகை நெடுங்காலம் உயர முடியாது.

2. விற்கும்போது கிடைக்கும் விலையேற்றம். இது பெரும்பாலும் நிலத்தின் விலையைப் பொறுத்தது. சாலை, மெட்ரோ, தொழிற்சாலை, ஊகம், கடன் வட்டி எனப் பலவும் அதை அசைக்கும்.

இந்திய நகரங்களில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நடப்பதில்லை. வீட்டு விலையோடு ஒப்பிட்டால் ஆண்டு வாடகை பொதுவாக இரண்டு முதல் நான்கு சதவீதம் வரைதான் இருக்கிறது. வீட்டுக் கடன் வட்டியோ அண்மை ஆண்டுகளில் ஏழரை முதல் ஒன்பது சதவீதம் வரை இருந்திருக்கிறது. நான்கு சதவீதத்துக்கும் குறைவாக ஈட்டும் ஒரு பொருளை எட்டு சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி வாங்குகிறோம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் கணக்குகள் வியப்பளிக்கா.

மொத்த ஈட்டும் நிகர ஈட்டும்

ஆண்டு வாடகையை வீட்டின் விலையால் வகுத்தால் கிடைப்பது மொத்த ஈட்டு விகிதம். விளம்பரங்களில் சொல்லப்படுவது இதுதான். வாடகையிலிருந்து எல்லாச் செலவுகளையும் கழித்து, வீட்டை வாங்க உண்மையில் செலவான முழுத் தொகையால் வகுத்தால் கிடைப்பது நிகர ஈட்டு விகிதம். முடிவெடுக்க உதவுவது பின்னது மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னைப் புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட, ஏற்கெனவே ஒருவர் குடியிருந்த அடுக்குமாடி வீடு 60 லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாத வாடகை 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 1,92,000 ரூபாய். மொத்த ஈட்டு 3.2 சதவீதம்.

இப்போது செலவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலில் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆக 9 சதவீதம். முழு விலையும் பத்திரத்தில் காட்டப்பட்டால் இது 5,40,000 ரூபாய். முதன்முறையாக விற்கப்படும் புதிய அடுக்குமாடி வீடுகளுக்கு 2023 டிசம்பர் முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதியும் முறை வந்து, விலைக்கேற்பக் குறைந்த தீர்வை வாங்கப்படுகிறது. ஆனால் கட்டி முடிக்கப்படாத வீட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, மலிவு விலை வீட்டு வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இவற்றோடு தரகுத் தொகை, வழக்கறிஞர் கட்டணம், வெள்ளையடிப்பு, அலமாரி வேலை எல்லாவற்றுக்கும் 1,60,000 ரூபாய் என்று கொண்டால், 60 லட்ச ரூபாய் வீட்டின் உண்மை விலை 67 லட்சம் ஆகிறது.

ஆண்டுச் செலவுகள் இப்படி இருக்கலாம்: குடியிருப்பவர் மாறும் இடைவெளியில் ஒரு மாத வாடகை இழப்பு 16,000, சொத்து வரி 6,000, பழுது பார்ப்பதற்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்ணம் பூசுவதற்கும் ஆண்டுப் பங்காக 18,000, தரகு, காப்பீடு, லிஃப்ட் மாற்றவோ மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்யவோ சங்கம் கேட்கும் சிறப்பு வசூல் ஆகியவற்றுக்கு 12,000. மொத்தம் 52,000 ரூபாய். கையில் நிற்பது 1,40,000 ரூபாய். அதை 67 லட்சத்தால் வகுத்தால் நிகர ஈட்டு 2.1 சதவீதம் மட்டுமே.

3.2 என்பது 2.1 ஆனதற்கு யாருடைய ஏமாற்றும் காரணமல்ல; அது வீட்டின் இயல்பு. கட்டடம் தேயும், குழாய் ஒழுகும், ஆள் மாறுவார். இந்தச் செலவுகளை முதல் நாளே தாளில் எழுதாதவர், அவை வரும்போது ஒவ்வொன்றையும் எதிர்பாராத விபத்தாகக் கருதி அல்லலுறுவார்.

கடன் சேரும்போது

வீட்டின் மதிப்பில் எவ்வளவு வரை வங்கி கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு விதித்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. அவற்றைக் கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் 80 சதவீதம் என்பது 48 லட்சம். விலையில் மீதி 12 லட்சமும், பதிவு முதலான 7 லட்சமும் சேர்ந்து 19 லட்சம் கையிலிருந்து போகிறது. 48 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 41,650 ரூபாய். ஆண்டுக்கு ஐந்து லட்சம். நிகர வாடகை 1,40,000 போக, சம்பளத்திலிருந்து ஆண்டுதோறும் 3,60,000 ரூபாய், அதாவது மாதம் 30,000 ரூபாய், இந்த வீட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற கூற்றை இந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாடகை ஆண்டுக்கு ஐந்து சதவீதம் தவறாமல் உயர்ந்தாலும், 16,000 ரூபாய் வாடகை 41,650 ரூபாயைத் தொட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகும். அதாவது, கடன் முடியும் தறுவாயில்தான் வாடகை தவணைக்கு ஈடாகும்.

அப்படியானால் ஆதாயம் எங்கிருந்து வர வேண்டும்? விலையேற்றத்திலிருந்து மட்டுமே. பத்து ஆண்டுகள் கழித்து விற்பதாகக் கொள்வோம். அப்போதும் கடனில் 33,60,000 ரூபாய் பாக்கி இருக்கும். ஏனெனில் முதல் ஆண்டுகளில் தவணையின் பெரும் பகுதி வட்டிக்கே போகிறது. முதல் ஆண்டில் கட்டும் ஐந்து லட்சத்தில் அசலில் கழிவது ஒரு லட்சத்துக்கும் குறைவு. வாடகை ஆண்டுக்கு ஐந்து சதவீதம் உயர்ந்ததாகவே கொண்டாலும், முதலில் போட்ட 19 லட்சத்தோடு பத்தாண்டுப் பற்றாக்குறையும் சேர்ந்து வாங்கியவரின் கைப்பணம் 51 லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

1. வீட்டின் விலை ஆண்டுக்கு 3 சதவீதம் உயர்ந்தால், பத்தாம் ஆண்டில் 80,60,000 ரூபாய்க்கு விற்கும். கடனை அடைத்தபின் கையில் 47 லட்சம். போட்டதைவிடக் குறைவு.

2. ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் 1,07,40,000 ரூபாய். கடன் போக ஏறத்தாழ 74 லட்சம். பார்வைக்கு நல்ல லாபம். ஆனால் பத்தாண்டுகளில் பகுதி பகுதியாகப் போட்ட பணத்துக்கு அது ஆண்டுக்கு ஐந்து சதவீதத்தைச் சற்றே தாண்டும் ஆதாயம்தான். விற்கும்போது வரும் வரியும் தரகும் இதில் இன்னும் கழிக்கப்படவில்லை.

வட்டியும் நிலையாக இருப்பதில்லை. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் தனிநபருக்குத் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் குறுகியகாலக் கடனின் வட்டியான ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். ரெப்போ 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்து, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதமாக ஏறியது. 2025-இல் மீண்டும் இறங்கியது. ஏறும் காலத்தில் வங்கிகள் பெரும்பாலும் தவணையைக் கூட்டாமல் கடனின் ஆண்டுகளை நீட்டின. மாதத் தொகை மாறாததால் அதைக் கவனிக்காமலே இருந்துவிட்டவர்கள் பலர். வட்டி இரண்டு சதவீதப் புள்ளி ஏறினாலும் தாங்குமா என்ற கேள்வியைக் கடன் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தாலும் தவணை தவறாதிருக்க, குறைந்தது ஆறு மாதத் தவணையைத் தனியே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரி: பழைய அறிவுரை ஏன் பலருக்குச் செல்லாது

வீடு வாங்கினால் வரி மிச்சம் என்ற அறிவுரை அலுவலகங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. அது எந்த அளவுக்குச் செல்லும் என்பதைப் புரிந்துகொள்ள, வீட்டுச் சொத்து வருமானம் கணக்கிடப்படும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், இந்த அடிப்படை முறையில் மாற்றமில்லை.

1. பெற்ற வாடகையிலிருந்து, உரிமையாளர் அந்த ஆண்டில் உண்மையாகவே கட்டிய சொத்து வரியைக் கழிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் காலியாக இருந்த ஒரு மாதம் போகப் பெற்ற 1,76,000 கழித்தல் 6,000, மீதி 1,70,000.

2. அதில் 30 சதவீதம் நிலைக் கழிவு. பழுதுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காவிட்டாலும் இது உண்டு. இதைவிட அதிகம் செலவழித்தாலும் இதற்கு மேல் இல்லை. 51,000 கழிந்து மீதி 1,19,000.

3. கடனுக்குக் கட்டிய வட்டி. முதல் ஆண்டில் ஏறத்தாழ 4,04,000. கழித்தால் 2,85,000 ரூபாய் நட்டம்.

இந்த நட்டத்தை என்ன செய்யலாம் என்பதில்தான் பழைய வரி முறையும் புதிய வரி முறையும் பிரிகின்றன. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளம் முதலான மற்ற வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மீதியை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று வீட்டு வருமானத்தில் மட்டும் சரிக்கட்டலாம். உச்ச வரிப் படியில் இருப்பவருக்கு இதனால் ஆண்டுக்கு 60,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். புதிய முறையில் வாடகை வருமானம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டுமே வட்டி கழியும். மிஞ்சும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பு முறையாகிவிட்டது; பலரும் அதில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த 60,000 ரூபாய் இல்லை. வரிச் சலுகையை நம்பி வீடு வாங்குவோர் முதலில் தாம் எந்த முறையில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

வாங்கும்போதும் ஒரு கடமை உண்டு. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை வாங்குபவரே வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் விதியும் விகிதமும் வேறு. அங்கே பட்டயக் கணக்காளர் இல்லாமல் இறங்கக் கூடாது. வாடகைதாரர் அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கான விலக்குக் கோரும்போது, ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணைத் தர வேண்டும். ஆகவே, கணக்கில் காட்டாத வாடகை என்பது சட்டப்படித் தவறு மட்டுமன்று, எளிதில் வெளிப்பட்டுவிடுவதும்கூட.

வாங்குவது கட்டடத்தையா, நிலத்தையா?

அடுக்குமாடி வீட்டின் விலையில் இரண்டு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று கட்டடம், அது ஆண்டுக்கு ஆண்டு தேய்வது. மற்றொன்று பிரிக்கப்படாத நிலப் பங்கு; சென்னையில் எல்லோரும் யு.டி.எஸ். என்று சொல்வது. மொத்த மனையில் இந்த வீட்டுக்கு உரிய பங்கு அது. தனியே எல்லை காட்ட முடியாது, ஆனால் பத்திரத்தில் சதுர அடிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். விலையேற்றம் என்று நாம் சொல்வது ஏறக்குறைய முழுவதும் இந்தப் பங்கில்தான் நிகழ்கிறது.

ஒரே 60 லட்சத்துக்கு இரண்டு வீடுகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, பதினெட்டு மாடிக் கோபுரத்தில், நீச்சல்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள புது வீடு. நிலப் பங்கு 250 சதுர அடி. இரண்டாவது, மூன்று மாடிக் கட்டடத்தில் பதினைந்து ஆண்டு பழையது. நிலப் பங்கு 500 சதுர அடி. இரண்டு இடங்களிலும் மனை விலை சதுர அடி 6,000 ரூபாய் என்றால், முதலாவதில் நிலத்தின் மதிப்பு 15 லட்சம், தேயும் பகுதி 45 லட்சம். இரண்டாவதில் இரண்டும் 30 லட்சம். முதல் வீடு வாடகைதாரரைக் கவரும். ஆனால் பராமரிப்புக் கட்டணமும் அதிகம், பத்தாண்டு கழித்து அதன் புதுமையும் போய்விடும். நெடுங்காலம் வைத்திருக்க நினைப்பவருக்கு இரண்டாவதே தக்கது என்பது என் கணிப்பு. கட்டடத்தின் உறுதியைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

கட்டடம் முதுமையடைந்து இடித்துக் கட்டும் நாள் வரும்போதும் ஒவ்வொருவருக்கும் என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது நிலப் பங்குதான். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானம் செய்ய வழி விட்டிருக்கிறது. முன்பெல்லாம் ஒருவர் மறுத்தாலும் மற்ற அனைவரும் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது.

பத்திரங்கள்: பதிவானால் உரிமை உறுதி என்பது பிழை

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டால் சொத்து நம்முடையது என்று பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் பதிவாவது ஆவணம், உரிமை அன்று. விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருந்ததா என்பதைச் சார்பதிவாளர் தீர்ப்பதில்லை. 2025 ஏப்ரலில், முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாட்டுப் பதிவு விதியைச் செல்லாது என்று அறிவித்த உச்ச நீதிமன்றம், உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையன்று என்று தெளிவுபடுத்தியது. ஆராயும் பொறுப்பு முழுக்க வாங்குபவருடையது. பார்க்க வேண்டியவை:

1. தாய்ப் பத்திரம் தொடங்கி இன்றைய கிரயப் பத்திரம் வரை, இடையில் ஒரு கண்ணியும் அறாத தொடர்ச்சி. இடையில் யாரேனும் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழும், எல்லா வாரிசுகளின் கையெழுத்தும்.

2. குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழ். இதில் பதிவான ஆவணங்கள் மட்டுமே தெரியும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவை இதில் வராமல் போகலாம். வில்லங்கம் இல்லை என்று சான்றிதழ் சொன்னாலும் வழக்கறிஞர் தேவை என்பது இதனால்தான்.

3. பட்டா, நில அளவை வரைபடம். நிலம் அரசுப் புறம்போக்கோ, கோயில் நிலமோ, நீர்நிலையோ அல்ல என்பதை வருவாய்த் துறைப் பதிவுகளில் சரிபார்க்க வேண்டும். இதில் தவறினால் திரும்ப வழியில்லை.

4. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் பெற்ற வரைபடமும், கட்டப்பட்ட கட்டடம் அதோடு ஒத்துப்போவதும். அனுமதி மூன்று மாடிக்கு இருந்து நான்காவது மாடியில் வீடு விற்கப்பட்டால் விலை எவ்வளவு மலிவானாலும் விலக வேண்டும்.

5. புதிய கட்டுமானம் என்றால் ரேரா எனப்படும் நிலமனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளுடனோ அமையும் திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும். வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டமைப்புக் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கட்டுமான நிறுவனம் பொறுப்பு.

விலையில் ஒரு பகுதியைக் கணக்கில் வராத ரொக்கமாகக் கேட்கும் விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது. அது சட்ட மீறல். பத்திரத்தில் விலை குறைவதால் வங்கிக் கடன் குறையும். பின்னாளில் விற்கும்போது அடக்க விலை குறைவாகத் தெரிந்து வரி கூடும். பேரம் முறிந்தால் ரொக்கம் திரும்ப வராது.

வாடகைதாரர் என்ற மறுபக்கம்

தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும். பழைய வழக்கப்படி பதினோரு மாத ஒப்பந்தம் எழுதி அலமாரியில் வைத்துவிடுவது போதாது. பதினோரு மாதக் கணக்கு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்க வந்தது. அந்தக் காரணம் புதிய சட்டத்தின் கடமையை நீக்காது. ஒப்பந்தம் இல்லாமல் குடிவைத்துவிட்டு, சிக்கல் வந்தபின் வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையாளர் தம் பக்க ஆதாரம் எதுவுமில்லாமல் நிற்க நேரிடும்.

அட்வான்ஸ் என்று நாம் அழைக்கும் முன்பணம் சென்னையில் நெடுங்காலம் பத்து மாத வாடகையாக இருந்தது. புதிய சட்டம் மூன்று மாத வாடகையைப் பொது வரம்பாக வைத்து, வீட்டைக் காலி செய்தபின் உரிய கழிவு போக ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. வாங்கிய அட்வான்ஸை வீட்டுக் கடனுக்கோ வேறு செலவுக்கோ போட்டுவிட்டு, அடுத்து வருபவர் தரும் பணத்தில் முந்தையவருக்குக் கொடுக்கும் வழக்கத்தைப் புதியவர்கள் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும். அது வருமானம் அல்ல, கடன். தனி வைப்புநிதியில் கிடக்கட்டும்.

லீஸ், ஒத்தி, போக்கியம் என்று பல பெயர்களில் வழங்கும் முறையில் இந்தக் கடன் இன்னும் பெரிது. மாத வாடகை இல்லை. குடிவருபவர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகத் தருவார், காலம் முடிந்ததும் அதை அப்படியே திரும்பப் பெறுவார். வங்கிக் கடனை அடைக்க இந்தத் தொகை உதவும் என்று கணக்குப் போடுபவர்கள், திருப்பித் தரும் நாளில் அடுத்த ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். வங்கியில் அடமானத்தில் உள்ள வீட்டை, அதை மறைத்து இப்படிக் கொடுப்பது குடிவருபவரின் வாழ்நாள் சேமிப்பைப் பணயம் வைப்பதாகும்.

மின்சாரம், தண்ணீர் போன்ற இன்றியமையாத வசதிகளைத் துண்டித்து வாடகைதாரரை வெளியேற்ற முயல்வதைச் சட்டம் தடை செய்கிறது. வாடகை பாக்கி, வீட்டைத் தவறாகப் பயன்படுத்தல், அனுமதியின்றி வேறொருவருக்கு விடுதல் போன்ற காரணங்களுக்கு வாடகை நீதிமன்றத்தில் முறையிட வழி இருக்கிறது. ஒரே வீட்டில் பல போர்ஷன்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிடுவது நேர்மையும் நிம்மதியும் தரும். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்குக் கூடுதல் விலை வசூலிப்பதைப் போல உரிமையாளர், வாடகைதாரர் உறவைக் கெடுப்பது வேறொன்றில்லை.

இந்த ஊர், இந்தச் சாதி, இந்த மதம், இந்த உணவுப் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் என்று வீட்டு வாசலில் வேலி போடுவது அநீதி. கணக்கின்படி பார்த்தாலும், விண்ணப்பிப்போர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் கூடும். பார்க்க வேண்டியது நிலையான வருமானமும், முந்தைய வீட்டில் நடந்துகொண்ட விதமும்தான்.

இடத்தை எப்போது, எப்படிப் பார்ப்பது

விற்பனைக்கு வரும் வீடுகளைப் பலரும் கோடையில் போய்ப் பார்க்கிறார்கள். சென்னையில் வாங்குவதாக இருந்தால் நவம்பர், டிசம்பரில், மழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற தெருக்களில் அக்கம்பக்கத்தாரைக் கேட்டாலே எந்த மட்டம் வரை வந்தது என்று சுவரைக் காட்டுவார்கள். கோடையிலும் ஒருமுறை போக வேண்டும். அப்போது லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று சங்கத்தில் கேட்க வேண்டும். இரண்டையும் கேட்காமல் வாங்கிய வீட்டில், ஆள் மாறும் வேகம் தானாகவே விடையைச் சொல்லிவிடும்.

வாடகையை மதிப்பிட விளம்பரத்தைப் பார்க்கக் கூடாது. அதே கட்டடத்தில் குடியிருக்கும் இருவரிடம் உண்மையில் என்ன தருகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒரே தொழிலை நம்பிய பகுதி என்றால் எச்சரிக்கை தேவை. பழைய மகாபலிபுரம் சாலையில் 2020-இல் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது, சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் காலி செய்த வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. மருத்துவமனை, கல்லூரி, அரசு அலுவலகம், தொழிற்பேட்டை எனப் பலவும் சூழ்ந்த இடத்தில் அந்த அதிர்ச்சி குறைவாக இருக்கும்.

எந்த வழியில் தொடங்கலாம்

பணத்தின் அளவையும் ஏற்கெனவே இருக்கும் சொத்தையும் பொறுத்து வழி மாறும்.

1. சொந்த வீடோ மனையோ இருப்பவர், அதன்மேல் ஒரு தளம் கட்டி வாடகைக்கு விடுவது. எழுநூறு சதுர அடியைச் சதுர அடிக்கு 2,300 ரூபாயில் கட்டினால் 16,10,000 ரூபாய். 11,000 ரூபாய் வாடகை வந்தால் மொத்த ஈட்டு எட்டு சதவீதத்தைத் தாண்டுகிறது. நிலத்துக்குப் புதிதாகப் பணம் தரவில்லை என்பதே இதன் இரகசியம். நான்கு போர்ஷன்காரரின் கணக்கும் இதுதான். அடித்தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்பதும் அனுமதி பெறுவதும் கட்டாயம். காலி மனையில் புதிதாகக் கட்டுவோருக்கு, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது.

2. மனை இல்லாதவர், விலையில் பாதியையாவது கையிலிருந்து தர முடிந்தால், நிலப் பங்கு அதிகமுள்ள சிறிய பழைய வீட்டை வாங்குவது. கடன் பாதியாகக் குறையும்போது மாதப் பற்றாக்குறை பெருமளவு சுருங்குகிறது.

3. ஒரு சில லட்சங்களே உள்ளவர், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ரீட் எனப்படும் நிலமனை முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகளை வாங்கலாம். இந்தியாவில் முதல் ரீட் 2019-இல் பட்டியலானது. இவை பெரும்பாலும் அலுவலக வளாகங்களையும் வணிக வளாகங்களையும் வைத்திருப்பவை; பகிரத்தக்க நிகர வரவில் குறைந்தது 90 சதவீதத்தை அலகு வைத்திருப்போருக்குத் தர வேண்டும். அலகின் விலை சந்தையில் ஏறி இறங்கும். குழாய் ஒழுகினால் நள்ளிரவில் தொலைபேசி வராது. அதே சமயம் ஒரு கிரவுண்டு நிலமும் நம் பெயரில் இருக்காது.

விற்று வெளியேறும் நாளையும் வாங்கும் நாளிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு 12.5 சதவீத வரி, வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக் கணக்கிடும் சரிகட்டல் இல்லாமல். அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலத்துக்கும் வீட்டுக்கும் மட்டும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் சரிகட்டலுடன் 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் ஒப்பிட்டுக் குறைந்த வரியைக் கட்டலாம். இன்று வாங்குபவருக்கு அந்த ஒப்பீடு இல்லை. ஆகவே பத்தாண்டில் 6 சதவீதம் உயர்ந்து 1,07,40,000 ரூபாய்க்கு விற்ற நம் எடுத்துக்காட்டு வீட்டில், அடக்க விலையும் பதிவுச் செலவும் சேர்ந்த 65,40,000 ரூபாய் போக 42 லட்சம் ஆதாயம். அதில் வரி மட்டும் மேல்வரி சேர்க்காமலே 5,25,000 ரூபாய். வாங்கும் நாளில் கட்டிய பதிவுச் செலவுக்கு ஏறத்தாழச் சமமான தொகை விற்கும் நாளிலும் போகிறது.